தொட்டிலைத் திரும்பிப் பார்த்த நேரம்

மாதுளம்பழத்தை நான்காகப் பிளந்துவிட்டால் அதன்பிறகு கத்திக்கு வேலை இல்லை, விரலுக்குத்தான் வேலை. டீ வரும்வரை இதை உதிர்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று வாசுகி நினைத்தாள். கை சும்மா இருந்தால் கால் எழுந்துவிடும். கால் எழுந்தால் கதவு, கதவைத் திறந்தால் கூடம், கூடத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை. அந்த அறைக்குள் நிர்வாகம் பார்க்கிற ஃபௌசியாவும் அவளுடைய ஆட்களும் உட்கார்ந்து, வாசுகி தொடங்கிய ‘வேளை’ என்ற இந்தக் கம்பெனி இனிமேல் யாருடைய குரலில் பேச வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே வரமாட்டேன் என்று வாசுகி வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தபோது அது சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் நடக்கப்போகிற எதற்கும் வாக்குக் கொடுப்பது சுலபம்தான், பல் பிடுங்க நாள் குறிப்பதுபோல. ஜன்னலுக்கு எதிரே பல் டாக்டரின் விளம்பரப் பலகை இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு பல், அந்தப் பல்லுக்கு ஒரு சிரித்த வாய். பல்லுக்கு எதற்கு வாய், வாய்க்குள்தானே பல். தில்லைநகரில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்து, கேட்காமலே விட்ட கேள்வி. ஒரு முத்து தெறித்து மேஜைக்கு அடியில் உருண்டது. குனியாதே, குனிந்தால் எழுந்திருப்பாய், எழுந்தால் கதவு. முடிவானதும் எல்லாருடைய ஃபோனுக்கும் ஒரு சோதனை அழைப்பு வரும் என்று ஃபௌசியா சொல்லியிருந்தாள். உங்களுக்கும் வரும் அக்கா, எல்லாரோடயும் சேர்ந்து நீங்களும் கேளுங்க என்றாள். எல்லாரோடும் சேர்ந்து. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் மாதுளையின் மஞ்சள் தோல்போல முத்துகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

இதுவரை பேசிய அந்தக் குரல் இவளுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வேளைதவறாமல் ஒரு ஃபோன் போகும். எடுத்தால் வாசுகி பேசுவாள், “வணக்கம். சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?” அதன்பிறகு ஒரு சின்ன இடைவெளி. ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குகிற நேரம். பிறகு இன்ன மாத்திரை, இன்ன நிறம், இத்தனை என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்குங்க என்று முடிப்பாள். முதன்முதலில் அதைப் பதிவுசெய்தது மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையில். கீழே கடையில் அவள் மருந்தாளுநர். பாதி அட்டை மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்து, இது மிஞ்சிப்போச்சு, வேற யாருக்காவது ஆவுமா என்று கேட்கிறவர்களிடம் ஏன் மிஞ்சியது என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனவள். மிஞ்சுவதற்கு அது சாம்பார் இல்லையே. அலுப்பில்தான் கம்பெனி பிறந்தது, இதைப் பேட்டிகளில் சொன்னால் சிரிப்பார்கள், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். மேலறை ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, இரவல் மைக்கை அரிசி டப்பாமேல் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பின்னால் தொட்டிலில் மகள் இனியா. மாத்திரை போட்டாச்சா என்று கேட்ட மாத்திரத்தில் தொட்டிலின் கொக்கி கிறீச்சிட்டது. வாசுகி திரும்பிப் பார்த்தாள். குழந்தை விழிக்கவில்லை. கனவில் எதையோ சப்பி, உதட்டைக் குவித்து, மறுபடி தூங்கிப்போனது. அதைப் பார்த்துவிட்டு மைக் பக்கம் திரும்பியபோது அவளையறியாமல் குரல் ஒரு படி இறங்கியிருந்தது. மிச்சத்தை அந்த இறங்கின குரலிலேயே சொல்லி முடித்தாள். திரும்ப எடுக்கலாம் என்று தோன்றியது, ஆனால் குழந்தை எழுந்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். அப்படியே விட்டுவிட்டாள். கொக்கிச் சத்தத்தை மட்டும் பிறகு துடைத்தெடுத்தார்கள். இடைவெளி அப்படியே தங்கிவிட்டது. அந்த இடைவெளிக்குள் தொட்டில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

தெரியாமலே வேலைசெய்தது அது. கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்ததால் ஜனங்கள் பதில் சொன்னார்கள். பதிவுசெய்த குரல் என்று தெரிந்தே சொன்னார்கள். பேச்சைப் பதியலாமா என்று சேரும்போதே கேட்டு வாங்கியிருந்ததால் அந்தப் பதில்களெல்லாம் கம்பெனியில் இருந்தன. போட்டேம்மா. போடல, கசக்குது. மருமவ எடுத்துத் தரல, அவள நாலு வார்த்த கேளு. துறையூர் பக்கத்து அம்மா ஒருவர், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா கண்ணு, என் தங்கச்சி மவன் ஒருத்தன் இருக்கான் என்று ஒவ்வொரு வாரமும் தங்கை மகனுக்கு ஒரு புதுத் தகுதி சேர்த்துக்கொண்டே போனார். மண்ணச்சநல்லூர் வாழைக்காரர் ஒருவர் மாத்திரையைப் பற்றிப் பேசவே மாட்டார். இன்னிக்கி மேலண்டக் கொல்லைக்குத் தண்ணி விட்டுட்டு வந்து, என்பார். அத்தோடு நிற்கும். இன்னொரு நாள், காத்து அடிச்சதுல ரெண்டு மரம் சாஞ்சு, அத்தோடு நிற்கும். திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடத்தில் நின்று, பெயரைச் சொல்லாமல் இப்படி நாலைந்து பதில்களைப் போட்டுக் கேட்பது வேளையின் வழக்கம். தேர்ந்தெடுப்பவள் வாசுகி. சாஞ்சு, சாஞ்சு என்னாச்சு என்று யாராவது வாழைக்காரரைப்போலப் பேசிக்காட்டுவார்கள், கூடம் சிரிக்கும். இவளும் சிரிப்பாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் பக்கத்தில் நின்று, சாப்பிட்டாச்சா என்று முன்பின் தெரியாத பெரியவரை மரியாதைக்குக் கேட்டாள். அவர் திடுக்கிட்டுச் சட்டைப்பையைத் தடவி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் யாரென்று நிமிர்ந்து பார்த்தார். இதை இனியாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துப் படுக்கையிலிருந்து விழுந்தாள். பிறகு, நீ வீட்ல பேசறதவிட ஃபோன்ல நல்லாப் பேசறம்மா என்றாள். சிரிப்போடு சிரிப்பாகத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது தாவணி வயசு. இன்று காலை இந்த மாதுளையை எடுத்துக்கொள்ளாமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள். உரிக்க நேரமில்லையாம். உரித்துக் கொடுக்க யாருக்கு நேரமிருந்தது.

விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. குரல்தானே, ஒரு குரல் எவ்வளவு நாள் ஓடும். மேலறையில் இருந்தபோது மாத்திரைகள் கொஞ்சம், ஊர்களும் கொஞ்சம். ஒவ்வொரு புது மருந்துக்கும் வாசுகி போர்வையைக் கட்டிக்கொண்டு ஒரு வரி பேசினாள். இப்போது இந்தக் கட்டடத்தில் இரண்டு மாடிகள் வேளைக்கு. மதுரையிலும் சேலத்திலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் முகம் இவளுக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு டாக்டர் ஒரு மருந்தை மாற்றினால் வாசுகி வந்து பேச வேண்டும். வாசுகி ஊரில் இல்லையென்றால் அந்த மாற்றம் காத்திருக்கும். போன மழைக்காலத்தில் சளிபிடித்துக் குரல் கம்மிப்போனது, சுத்தமாகப் போனது, காற்றுதான் வந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருதய நோயாளிகளுக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டிய அழைப்புகள் அப்படியே நின்றன. கஷாயம் குடித்தாள், ஆவி பிடித்தாள், வாயைத் திறக்காமல் சைகையால் கம்பெனி நடத்தினாள். வேறொருவர் பேசட்டுமே என்று ஃபௌசியா அப்போதுதான் முதலில் சொன்னது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று சைகை காட்டினாள் வாசுகி. நாளைக்குச் சரியாகவில்லை. அந்த மழையில் ஃபோன் வராமல் மாத்திரையை மறந்தவர்கள் எத்தனை பேர், யார் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று, அது எங்கேயும் பதிவாகாது. பதிவான பதிலைத்தான் கேட்கலாம். போகாத ஃபோனுக்குப் பதில் ஏது. அந்த இடத்துக்கு வந்தால் மனசு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், கொக்கி கிறீச்சிட்டதுபோல. திரும்பினால் இப்போது அங்கே தொட்டிலும் இல்லை.

வேறு குரலுக்கு இவள் ஒப்புக்கொள்ளாமல் இல்லை. ஒப்புக்கொண்டாள், இரண்டு தடவை. முதலில் ஃபௌசியா கண்டுபிடித்து வந்த பெண்ணின் குரல் தேன். கடைசி நாளில் கேட்டுவிட்டு, விமான நிலையத்தில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, துறையூர் அம்மாவுக்கு விமானமா என்று சொல்லித் தள்ளிவிட்டாள். இரண்டாவது குரல் கணக்கு டீச்சர் மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டும் உண்மைதான். இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் இரண்டு தடவையும் எல்லாரும் மாதக்கணக்கில் வேலைசெய்து முடித்த பிறகு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், நின்றவாக்கிலேயே சொல்லிவிட்டு வந்தாள். ஃபௌசியா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளை நிர்வகித்தவள், சத்தம்போடத் தெரிந்தவள். போன வாரம் மாடிப்படியில் இரண்டு பேரும் இறங்கும்போதுதான் சொன்னாள், கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமம் கூப்பிடுகிறார்கள் என்று. ஒளிக்காமல் சொன்னாள். வாசுகி ஒரு படியில் நின்று, ஏன் ஃபௌசி, உனக்கு இங்க என்ன குறை என்று கேட்டாள். கேட்டுவிட்டு, சம்பளமா, பாத்துக்கலாம், வேலை ஜாஸ்தியா, ஆள் எடுத்துக்கலாம், பையனோட ஸ்கூலா என்று அடுக்கிக்கொண்டே இறங்கினாள். கீழ்ப்படியில் வந்து பார்த்தால் ஃபௌசியா மேலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

“கேள்வியும் நீங்களே கேக்கறீங்க, பதிலும் நீங்களே சொல்லிடறீங்க. அப்பறம் எங்கள எதுக்குக்கா வெச்சிருக்கீங்க?”

அதுதான் அந்த வாக்கியம். வாசுகி எந்தப் பதில் சொன்னாலும் ஃபௌசியா சொன்னதுதான் சரியாகிவிடும். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வாக்குக் கொடுத்தாள். இந்தத் தடவை நான் உள்ள வரமாட்டேன், நீங்க முடிவுபண்றதுதான். ஃபௌசியா தலையசைத்தாள். பாப்போம்க்கா என்றாள். மூன்றாவது தடவையும் கதவைத் திறந்தால் ஃபௌசியா கொச்சிக்குப் போய்விடுவாள், அதை அவள் சொல்ல வேண்டியதே இல்லை. போகட்டும், ஆள் கிடைக்காதா என்று ஒரு மனசு. கிடைப்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறவரை எவள் வந்தாலும் படியில் நின்று அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவாள் என்று இன்னொரு மனசு. இரண்டு மனசுக்கும் நடுவில் மாதுளையின் அந்த மஞ்சள் தோல், நகத்தால் கிள்ளினாலும் வராமல்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம். நேற்று சாயங்காலம் அந்தப் பக்கமாகப் போகாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் பிடிக்கத்தான் போனாள். எஞ்சினியர் பையன்கள் இரண்டு பேர் திரைக்கு முன்னால் சாய்ந்துகொண்டு, கேள்விக்கு அப்பறம் அந்த கேப் இருக்குல்ல, அத எடுத்தாச்சு என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பாட்டில் நிரம்பி வழிந்து செருப்பில் கொட்டிய பிறகுதான் குழாயை மூடினாள். எடுத்தாச்சு. கேட்டவுடனே அடுத்த வரி, சாப்பிட்டாச்சா மாத்திரை போட்டாச்சா வெள்ளை மாத்திரை ஒண்ணு, கடகடவென்று, பஸ் நிலையத்தில் ஊர் பெயர் கூவுகிறமாதிரி. துறையூர் அம்மா வாயைத் திறப்பார், திறப்பதற்குள் குரல் தாண்டிப்போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள், பிறகு வாயைத் திறக்கமாட்டார். பிறகு ஃபோனை எடுக்கமாட்டார். பிறகு அட்டை மிஞ்சும். பசங்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெறும் சத்தமில்லாத இடம், கோப்பில் ஒரு ஓட்டை, அவர்கள் அடைத்துவிட்டார்கள். அது ஓட்டை இல்லை என்று யார் சொல்லியிருக்க வேண்டும். நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை சொல்லியிருக்கலாமே, இந்த இடைவெளி ஏன் வந்தது தெரியுமா என்று. பதில்களைப் போட்டுக்காட்டினேன், பதில் எதனால் வருகிறது என்பதை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டேன். வெட்கமா, கஞ்சத்தனமா. சொல்லிவிட்டால் அது எல்லாருடையதும் ஆகிவிடும், பிறகு எனக்கென்று என்ன இருக்கும் என்று எங்கேயோ அடியில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. தொட்டிலை யாராவது பங்குபோட்டுக்கொள்வார்களா. சொல்லிவிடலாம் இப்போதாவது. ஒரு வரி. ஃபோனை எடுத்து, ஃபௌசி, அந்த கேப் மட்டும் என்று அடித்தாள். மட்டும். ‘மட்டும்’ என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறது. விமான நிலையம் என்று சொன்னதும் மட்டும்தான், கணக்கு டீச்சரும் மட்டும்தான். அழித்தாள். ஃபோன் திரையில் மாதுளைச் சாறு ஒரு கோடாக நின்றது. ஆனால் இது என் ருசி இல்லையே, இது நோயாளிகளுடைய விஷயம், இதற்கு வாயைத் திறக்காமல் இருந்தால் அது வாக்கைக் காப்பதா, பிடிவாதமா. குழந்தை நடக்கட்டும் என்று கையை விடுவது சரி. கிணற்றங்கரையில் விடுவார்களா. கிணறுதானா அது. ஒவ்வொரு தடவையும் கிணறு என்றுதான் தோன்றியது.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் எழுந்துவிட்டது. கிண்ணத்தோடு கதவருகில் நின்றாள். ஈரமான சிவந்த விரலால் கைப்பிடியைத் தொட்டாள், திருகவில்லை. கதவின் சிறிய கண்ணாடி வழியாகக் கூடத்துக்கு அந்தப் பக்கம் அந்த அறை தெரிந்தது, ஒலி நிறுத்திய டிவிபோல. ஃபௌசியா மேஜைத் தலைமாட்டில் இல்லை, நடுவில் பசங்களோடு பசங்களாக உட்கார்ந்திருந்தாள். எதையோ கேட்டாள். புருவம் உயர்ந்ததிலிருந்து அது கேள்வி என்று தெரிந்தது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். யாரும் பேசவில்லை. ஒருவன் பேனா மூடியைக் கழற்றிப் போட்டான். இன்னொருத்தி கூரையைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை, சொல்லேன் ஃபௌசி, நீயே சொல்லிவிடேன், இவ்வளவு நேரமா விடுவார்கள். என்ன கேள்வி என்றே தெரியாது, அதற்கும் இவளுக்குள் ஒரு பதில் தயாராகி முன்னுக்கு வந்து நின்றது. கைப்பிடி விரலுக்கடியில் வழுக்கியது. ஃபௌசியா அவசரப்படவில்லை. மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் குறிவைக்காமல், பாலுக்குக் காவல் இருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மூலையிலிருந்து ஒரு பெண் கையை மேஜைமேல் வைத்து முன்னால் நகர்ந்தாள். பிரிசில்லா. மணப்பாறைப் பெண், போன வருஷம் சேர்ந்தவள், வருகிற பதில்களை எல்லாம் உட்கார்ந்து கேட்டு வகைபிரிப்பது அவள் வேலை. அவள் பேசுவாள் என்பதே வாசுகிக்குப் புதிது. எத்தனை கூட்டத்தில் அந்தப் பெண் அந்த மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நீ என்ன சொல்ற பிரிசில்லா என்று கேட்டதும் உண்டு. கேட்டுவிட்டு, சரிதானே என்று அடுத்த விஷயத்துக்குப் போனதும் உண்டு. இப்போது அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கைகள் அகன்றன, சேர்ந்தன. ஒருவன் எழுதிக்கொண்டான். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை, தெரியவே இல்லை, அந்தத் தெரியாமை ஒரு பல் விழுந்த இடம்போல விநோதமாக இருந்தது, நாக்கு அங்கேயே போய்ப்போய்த் தொட்டது. வாசுகி கைப்பிடியை விட்டாள். அதில் சிவப்பாக ஒரு விரல் தடம். திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கால் பழத்தை எடுத்துக்கொண்டாள். பயம் போகவில்லை, கூடவே வந்து உட்கார்ந்தது. இருக்கட்டும்.

டீ வந்தது, ஆறியது, ஏடு படிந்தது. கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே எங்கேயோ ஒரு ஃபோன் அடித்தது, இன்னொன்று, பிறகு மாடி முழுவதும், மழை தகரத்தில் பிடிப்பதுபோல. அவளுடையதும் அடித்தது. விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“வணக்கம்,” என்றது ஃபோன். ஆண் குரல். நடுத்தர வயசு, கொஞ்சம் கரகரப்பு. சில்லறை பாக்கியை மறக்காமல் கூப்பிட்டுக் கொடுக்கிற கண்டக்டர் மாதிரி ஒரு நிதானம். ஆண் குரலாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை நாளும் மனசுக்குள் அவள் போட்டியிட்டுக்கொண்டிருந்தது ஒரு பெண்ணோடு. ஒப்பிட ஒன்றுமில்லாமல் மனசு தடுமாறி நின்றது, இருட்டில் இல்லாத படியில் காலை வைத்ததுபோல. “சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?” என்றது குரல். வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். இதோ இப்போது, மூச்சு விடாமல், வெள்ளை மாத்திரை ஒண்ணு. வரவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குகிற நேரம். தொட்டிலைத் திரும்பிப் பார்த்த நேரம் முடிந்தது, இவளுடைய குரலாக இருந்தால் இந்நேரம் மைக் பக்கம் திரும்பியிருக்கும். இந்தக் குரல் திரும்பவில்லை. லைன் அறுந்துவிட்டதா. பசங்கள் அழித்ததில் மிச்சமும் போய்விட்டதா. கதவு, கூடம், ஓடு. ஆனால் காதுக்குள் இருந்த அமைதி அறுந்த லைனின் அமைதி இல்லை. அது திறந்திருந்தது. யாரோ எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, வாசல் பக்கம் பார்க்காமல், கடிகாரம் பார்க்காமல் இருப்பதுபோல. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, அவள் வாய் தானாகத் திறந்தது.

“இல்ல,” என்றாள். “இன்னும் போடல.”

உண்மைதான். காலைப் பலகாரத்துக்குப் பிறகு போட வேண்டிய பிரஷர் மாத்திரை, இன்றைக்கு இருந்த படபடப்பில் கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டவள்.

“பரவாயில்ல,” என்றது குரல். “போய் எடுத்துட்டு வாங்க. லைன்லயே இருக்கேன்.”

ஃபோனை மேஜைமேல், முத்துகள் இருந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில், தூங்குகிற ஒன்றை வைப்பதுபோல வைத்துவிட்டுக் கைப்பையைத் துழாவினாள். சாவி, சீப்பு, இனியாவின் பஸ் அட்டை, அட்டையில் ஒட்டிய மாத்திரை. வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்ட அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஃபௌசியா. எப்போதும்போல வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வந்து உட்கார்ந்த வழக்கம் அவளுக்கு இல்லை. கதவின் கைப்பிடியில் காய்ந்திருந்த சிவப்பைப் பார்த்தாள், வாசுகியின் விரல்களைப் பார்த்தாள். வாசுகியால் பேச முடியவில்லை, வாய் நிறையத் தண்ணீரும் மாத்திரையும். கையை மட்டும் உயர்த்தி, இரு என்றாள். ஃபௌசியா இருந்தாள். இருந்துவிட்டு, இவள் கேட்காமலே, அவளாக மெதுவாகச் சொன்னாள். பழைய கேப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது குரல் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கும், அவர்கள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான், சொன்னதற்கு ஏற்ற அடுத்த வரி. எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்பதில் மாட்டிக்கொண்டிருந்தார்களாம், இப்போதுதான் தீர்ந்ததாம். யோசனை முழுக்க பிரிசில்லாவுடையது. மொத்தப் பதில்களையும் கேட்கிறவள் அவள்தானே. அவள் ஒன்று கண்டுபிடித்தாள். நம்ம குரல் அவங்க பேச்ச பாதியில வெட்டிடுதுக்கா, அதுக்குள்ள சொன்னது மட்டுந்தான் பதிவாகுது. அந்த வாழைக்காரர் பாதியோட நிறுத்தல, நாமதான் நிறுத்திட்டோம்.

வாசுகி விழுங்கினாள். மாத்திரை தொண்டையில் ஒரு கணம் நின்று இறங்கியது. தண்ணி விட்டுட்டு வந்து. ரெண்டு மரம் சாஞ்சு. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மனுஷர் மிச்சத்தையும் சொல்லியிருக்கிறார், இவள் குரலுக்கு மேலே, இவள் குரலுக்கு அடியில். இவள் திங்கட்கிழமை தோறும் கூடத்தில் நின்று சிரித்திருக்கிறாள். ஓட்டை இல்லை, என் தொட்டில், என்று பொத்திப்பொத்தி வைத்த அந்த இடம் ஒருவர் கால் நீட்டி உட்காரக்கூடப் போதவில்லை. அழுகை மாதிரி ஒன்று வந்தது, கூடவே சிரிப்பு மாதிரியும் ஒன்று, எது முதலில் என்று தெரியாமல் இரண்டும் மூக்கில் ஏறின. இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் சொல்லாததையும் சேர்த்து. நான் சொல்லியிருந்தால் என் இடைவெளியை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள், அக்கா சொன்னது என்று. நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். மதுரைக்கு இன்றே அனுப்பு என்று சொல்ல வேண்டும். கொச்சி என்று கேட்க வேண்டும். எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன, பதில்களும் தங்கள் கேள்விகளின் கையைப் பிடித்துக்கொண்டு. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியிருந்த, பதில் தெரியாத ஒன்றை எடுத்தாள்.

“இனிமே நான் என்ன செய்யட்டும், ஃபௌசி?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எதிரே பல் டாக்டரின் பல் வெயிலில் சிரித்தது. கூடத்தில் யாரோ வாழைக்காரரைப்போலப் பேசிக்காட்டாமல் சாதாரணமாகச் சிரித்தார்கள். வாசுகி எதையும் நிரப்பவில்லை. மேஜைமேல் ஃபோன் வெளிச்சத்தோடு கிடந்தது, அந்தக் கரகரத்த மனுஷரும் லைனிலேயே இருந்தார். ஃபௌசியா கதவை விட்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு பிடி முத்துகளை அள்ளிக்கொண்டு, யோசிக்கத் தொடங்கினாள்.